ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்

போன் பண்ணக்கூடாது. பண்ணமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியாகிவிட்டது. சொன்ன இடம் சட்டமன்றமாக இருந்தால் மீறிவிட்டு விளக்கம் கொடுக்கலாம். இது வீட்டு அடுக்களை, பெற்ற மகளிடம், கையில் தோசைக்கரண்டியோடு சொன்ன சொல். ஆகவே பண்ணக்கூடாதுதான் என்று வடிவு தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் தானாகப் போய்ப் போனைத் தடவி வெளிச்சம் வரவழைத்துவிட்டது. வேனி என்ற பெயர் எழுந்து நின்றது. இளவேனில் என்று வைத்த பெயரை யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை, இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் பெயர்ப் பலகையில்தான் முழுசாக இருக்கிறது, அதையும் வடிவு இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, பார்க்க வரக்கூடாது என்று மகளின் உத்தரவு. வெளிச்சம் அணைந்தது. முன்னால் கேட் விழுந்து கிடந்தது, கேட்டுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி நகராமல் நின்றது, ஏதோ சிக்னல் கிடைக்கவில்லையாம். ஸ்டியரிங்கின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த முப்பிடாதி, "இப்ப போயிருவான்க்கா" என்றான். வந்து நின்றதிலிருந்து இதையேதான் சொல்கிறான், டிரைவர் வேலையில் பாதி ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறான் போல. கூட்ஸ் நகர்ந்தால் கேட் திறக்கும், திறந்தால் கருவநேரி தாலுகா ஆஸ்பத்திரி பக்கம்தான். அங்கே இந்நேரம் வேம்படிமுத்துவைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். பிடித்த ஆளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கு முந்தி அரசு டாக்டரிடம் காட்டி, உடம்பில் காயம் எதுவும் இல்லை, ஜெயிலுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்து வாங்கவேண்டும், அதுதான் சட்டம். காயம் இல்லை என்று எழுதிவிட்டால் இல்லைதான். பிறகு வக்கீல் தொண்டை கிழியக் கத்தினாலும் இல்லைதான். இன்று அந்தக் கையெழுத்தைப் போடவேண்டியது வேனி.

வேம்படிமுத்துவின் அம்மா சொர்ணம் மத்தியானம் போனில் அழவில்லை. "டாக்டரம்மா, கல்குவாரி லாரிய மறிச்சாம்னு நேத்து சாயங்காலம் எம்பிள்ளைய ஜீப்புல ஏத்திட்டுப் போனாவ. ஸ்டேஷன்ல போயி நின்னேன், உள்ள விடல. ஒரு தடவ அம்மான்னு சத்தம் கேட்டுச்சு, பொறவு கேக்கவே இல்ல" என்று கடையில் சாமான் சொல்வது மாதிரிச் சொன்னாள். சத்தம் கேட்டதைவிட பிறகு கேட்காததைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் போகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வடிவு சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள்? பழக்கம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது டாக்டர் சொல்கிற வாக்கியம், எம்.எல்.ஏ. சொல்கிற வாக்கியமும் அதுவே, முதலாவதற்கு ஸ்டெதாஸ்கோப் போதும், இரண்டாவதற்குக் கார் வேண்டும், இரண்டுக்கும் இன்று ரயில் போகவேண்டும். தண்டவாளத்தில் இரண்டு பையன்கள் சைக்கிளைப் படுக்கப்போட்டு இழுத்துக்கொண்டு கூட்ஸ் பெட்டிக்கு அடியில் நுழைந்து போனார்கள். அப்படிப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது, போனால் நாளைக்குப் பேப்பரில் படம் வரும், வரட்டுமே, ஆனால் அங்கே போய் என்ன செய்வதாக உத்தேசம்? வாசலில் நிற்கப்போகிறாயா, உள்ளே போய் மகளின் தோளுக்குப் பின்னால் நிற்கப்போகிறாயா? ஞாயிற்றுக்கிழமை வேனி அதைத்தானே வேண்டாம் என்றாள். "உனக்கு டாக்டர்னா பின்னாடி ஒரு கூட்டம் வேணும்மா. எனக்குக் கை கழுவ ஒரு குழாயும் எழுத ஒரு பேனாவும் போதும்" என்றாள். வடிவு சிரித்தாள், சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. வேனிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது, சின்ன வயசிலிருந்தே கோபம் மூக்கில்தான் முதலில் ஏறும். "சிரிக்காத. நான் காயம்னு எழுதினா, உங்கம்மா யாருன்னு கோர்ட்ல கேப்பான். காயம் இல்லன்னு எழுதினா, உங்கம்மாவுக்குத் தெரியுமான்னு ஊர்ல கேப்பான். நான் எப்ப எழுதுறது? நீ ஒரு போன் பண்ணினாப் போதும், அன்னைக்கு நான் எழுதுறது எதுவும் என் எழுத்து இல்ல." சரியாகத்தான் சொன்னாள். எதிராளி சரியாகப் பேசும்போது வடிவுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் வரும், சட்டமன்றத்தில்கூட வரும், அன்றும் வந்தது. தோசை கருகியது. பண்ணமாட்டேன்ட்டி, சத்தியமா, என்று சொன்னாள்.

சத்தியம் செய்த வாய்தான் ஒரு காலத்தில் வேறொன்று சொன்னது. எந்த ஊர் அது, முதல் ஊரா இரண்டாவதா, ஓட்டுக் கட்டிடத்து ஆஸ்பத்திரி, மழைக்கு உள்ளே வாளி வைத்திருப்பார்கள். போலீஸ் ஜீப் வந்து வாசலில் நிற்கும், டாக்டர் இறங்கிப்போய் ஜீப் ஜன்னலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார், உள்ளே இருக்கும் ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கவேண்டியதில்லை. அது ஒரு மரியாதை, ஏட்டையா டாக்டருக்குச் செய்யும் மரியாதை, ஆளை இறக்கிக் கொண்டுவந்து தொந்தரவு செய்யக்கூடாதாம். வடிவு புதுசு, இருபத்தேழு வயது, மரியாதை தெரியாதவள். உள்ளே கூட்டி வாங்க என்றாள். வந்தவனிடம், சட்டையைக் கழட்டுங்க என்றாள். அவன் ஏட்டைப் பார்த்தான். உங்களைத்தான், சட்டையைக் கழட்டுங்க. தன்னிடம் ஒருத்தர் 'ங்க' போட்டுப் பேசியதுதான் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அந்த முதுகு. முதுகைப் பற்றி அவள் மேடைகளில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், சொல்லிச் சொல்லி அது வேறு யாருடைய முதுகோ போல வழவழப்பாகிவிட்டது. சொல்லாதது ஒன்று உண்டு: சட்டை ரத்தத்தில் ஒட்டியிருந்ததால் வெந்நீர் வைத்து நனைத்து நனைத்துத்தான் பிரிக்கவேண்டியிருந்தது, அப்போது அவன் தூங்கிவிட்டான். உட்கார்ந்தபடியே, குழந்தை மாதிரி, அவள் கையில் தலை சாய்ந்து. வெந்நீர் பட்டால் எரியுமே, எப்படித் தூங்கினான்? கண்டதை எழுதினாள். மாற்றினார்கள். அங்கேயும் சட்டையைக் கழட்டச் சொன்னாள், மறுபடி மாற்றினார்கள், மாற்ற மாற்ற ஊர் ஊராகப் பேர் பரவியது, கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஓட்டுக் கேட்க நின்றபோது எதிர்க்கட்சிக்காரன் மைக்கைப் பிடித்து, "ஆம்பளைங்க சட்டையக் கழட்டச் சொல்ற அம்மாளுக்கா ஒங்க ஓட்டு?" என்று கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏன், ஆண் டாக்டர் சொல்லியிருந்தால் அது வைத்தியம், பொம்பளை சொன்னால் கழிசடையா? இப்போதும் நினைத்தால் காது மடல் சுடுகிறது. ஆனால் ஜெயித்தாள். அவள் போட்ட சத்தத்தில் சட்டையைக் கழட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று மேலிருந்து உத்தரவே வந்தது, புது டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கப் போனால் பிள்ளைகள் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, முதல்ல சட்டை மேடம், என்று கோரஸாகக் கத்துவார்கள்.

ஜன்னல் கண்ணாடியை யாரோ மோதிரத்தால் தட்டினார்கள். வெள்ளரிப் பிஞ்சுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை, கேட்டில் நிற்கும் வண்டிகளிடம் விற்கிறவள், குனிந்து உள்ளே பார்த்தாள். "எம்மா, நம்ம டாக்டரம்மாலா! நான் இசக்கியம்மா, தெரியலையா? ஓட்டு கேக்க வந்தப்ப எங்கையப் புடிச்சு நாடி பாத்தீயளே." முப்பிடாதி, "எக்கா, அம்மா அவசரமாப் போறாவ" என்றான். "எங்க போறாவ, ரயிலு மேல ஏறியா போறாவ? நீ சும்மா இருலே" என்று அவனை ஒதுக்கிவிட்டு, ஒரு பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவி வடிவின் கையில் வைத்தாள். "ஜெயிச்ச பொறவு ஒரு பயலும் நாடி பாக்கல. எங்காலப் பாருங்க, சாயங்காலமானா பூரி கணக்கா உப்பிக்கிடுது." சொன்னபடியே செருப்பை உதறிவிட்டுக் காலைத் தூக்கிக் கார்க்கதவுப் படியில் வைத்தாள், வடிவும் கதவைத் திறந்து, மிளகாய்ப்பொடிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. உப்பைக் குறை, ரத்தக்கொதிப்புப் பார்த்தாயா, மூச்சு வாங்குகிறதா, திங்கட்கிழமை வீட்டுக்கு வா என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, கை கீழே இறங்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தது. வெடித்த, கறுத்த, தடித்த பாதம். "அங்க என்னம்மா பாக்கீய, அங்க நோவு ஒண்ணுமில்லையே" என்று இசக்கியம்மா கூச்சத்தோடு சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவன், ஏ வெள்ளரி, என்று கூப்பிட்டான், அவள் போய்விட்டாள். வடிவின் கை காற்றில் அப்படியே இருந்தது, ஒரு பாதத்தைப் பிடித்திருக்கிற வடிவத்தில்.

அங்கே என்ன பார்க்கிறாய்? அங்கேதான் பார்க்கவேண்டும். போன மாதம் கைதிகளைப் பார்க்க ஜெயிலுக்குப் போனபோது ஒரு பையனைப் பார்த்தாள், முதுகு கண்ணாடி மாதிரி, நெஞ்சு கண்ணாடி மாதிரி, ஆனால் எழுந்து நிற்கச் சொன்னால் சுவரைப் பிடித்தான். அவள் பாதத்தைத் தொட்டதும் நாயைப்போல ஒரு சத்தம் போட்டான். லத்தியால் உள்ளங்காலில் அடித்தால் தோல் கிழிவதில்லை, நாலு நாளில் வீக்கம் வடிந்துவிடும், உள்ளே எலும்பு மட்டும் நொறுங்கிக் கிடக்கும். வெளியே வந்தபோது அவளை நன்றாகத் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவன் சல்யூட் அடித்துச் சொன்னான், "இப்பல்லாம் நாங்க முதுகுல கை வைக்கிறதில்லம்மா. நீங்க கத்துக்குடுத்ததுதானே." மரியாதையாகத்தான் சொன்னான். அவன் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. நீ கற்றுக்கொடுத்தாய். டாக்டர்களுக்கு எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தாய், அவர்களுக்கு எங்கே அடிக்கக்கூடாது என்று கற்றுக்கொடுத்தாய், ஒரே வகுப்பில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நீதான் ஒரு பெஞ்சைப் பார்க்கவில்லை. அப்படியென்றால் சட்டையைக் கழட்டச் சொல்லியிருக்கவே கூடாதா? அபத்தம். அந்த முதுகைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. ஆனால் சட்டை, சட்டை என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுவரில் எழுதி, அதற்குக் கைதட்டு வாங்கி, மனுஷ உடம்பு கழுத்திலிருந்து இடுப்பு வரைதான் என்று ஒரு தலைமுறை டாக்டர்களை நம்பவைத்தாயே, அதற்கு என்ன பதில்? வேனியும் அந்தத் தலைமுறைதானே. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இதைச் சொல்லத்தான் தோசையோடு தோசையாகப் பேச்சைத் தொடங்கினாள். கேளுட்டி, போன மாசம் ஜெயில்ல, என்பது வரைக்கும் வந்தது. "ஆரம்பிச்சுட்டியா" என்றாள் வேனி. அங்கிருந்து சண்டை. பாதம் சொல்லப்படவே இல்லை.

சொல்லியிருக்கலாம். மூக்குச் சிவந்தால் சிவக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த மூக்கின் முன்னால் அவள் எப்போதும் கொஞ்சம் கோழைதான், ஏனென்றால் அந்த மூக்கைப் பாதி நாள் அவள் பார்க்கவே இல்லை. மாறுதல் போட்ட ஊர்களுக்கு அவள் மட்டும் போனாள், பிள்ளை அப்பாவோடு இருந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தால் ஐந்து வயது வேனி வாசலுக்கு ஓடிவந்து, வா என்றுகூடச் சொல்லாமல், கவுனை மேலே தூக்கி, வாரம் முழுக்கக் கடித்த கொசுக்கடியெல்லாம் காட்டி, "பாத்து எழுதும்மா" என்பாள். அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார், அம்மா ஊரில் எல்லாருடைய காயத்தையும் எழுதுகிறாள் என்று. வடிவு முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கடியையும் தொட்டு, வலது தோள், ஒன்று, என்று நிஜமாகவே சொல்லிக்கொண்டு வருவாள், வேனி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள், விட்டுப்போன கடி இருந்தால் கோபம் வரும். பிள்ளையின் முதுகின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, அது எப்படி இத்தனை வருஷம் ஆறாமல் இருக்கும், இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பேனாவைப் பிடுங்கப்போகிறோமே. பிடுங்காவிட்டால்? சொர்ணத்துக்கும் ஒரு பிள்ளை, அவன் முதுகும் ஒரு காலத்தில் சூடாக இருந்ததுதான், அவன் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், வேனி சட்டையைக் கழட்டச் சொல்லியிருப்பாள், முதுகு சுத்தம், நெஞ்சு சுத்தம், பேனாவைத் திறந்திருப்பாள். பக்கத்திலேயே இன்ஸ்பெக்டர் நின்றிருப்பான், நல்ல மரியாதையோடு. வேனியின் கோபம் ஒரு மாதம் இருக்கும், ஒரு வருஷம் இருக்கும், இருக்கட்டும், பேசாமல்கூடப் போகட்டும், கோர்ட்டில் அம்மா சொல்லி எழுதினாள் என்று கேவலப்படுத்தட்டும். எலும்பு நொறுங்கியவன் நொறுங்கியபடி ஜெயிலுக்குப் போவதைவிட அது சின்னது. சின்னதா? ஆமாம், சின்னதுதான். பெரிதாக வலிக்கிற சின்னது. கூட்ஸ் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சத்தம் வரிசையாகக் கடந்து போயிற்று. கேட் திறக்கும்வரை பொறுக்கலாமா? பொறுக்கக்கூடாது. வடிவு வேனி என்ற பெயரை அழுத்தினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பாதத்தைப் பாரு, பாதத்தைப் பாரு, ரெண்டே ரெண்டு வார்த்தை, சொல்லிவிட்டு வைத்துவிடலாம். "என்னம்மா" என்றது வேனியின் குரல், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. "கையில உறை போட்டிருக்கேன், நர்ஸ் ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. இன்ஸ்பெக்டர்லாம் பக்கத்துல இருக்காங்க. சொல்லு." அந்தச் சொல்லு-வில் கோபம் இருந்ததா? இல்லை. வேறு ஏதோ இருந்தது, ஒரு கெஞ்சல், சொல்லிவிடாதே என்கிற சொல்லு. ஒரு அறை முழுக்கக் காது வைத்துக்கொண்டு நின்றது. பாதம் என்ற சொல் நாக்குக்கு வந்து, பல்லைத் தொட்டு, நின்றது. சொல், வடிவு, சொல், இவ்வளவு நேரம் வாதாடி ஜெயித்தாயே, சொல். "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆம்பளை மெல்லச் செருமிக்கொண்டான், சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி. வேனி, "இன்னும் இல்லம்மா, நேரமாகும். இங்க ஒருத்தரு நடக்க முடியாம இருக்காரு. ரெண்டு உள்ளங்காலும் வீங்கியிருக்கு, எக்ஸ்ரே எடுக்கப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டேன். அவரை அனுப்பிட்டுத்தான் சாப்பிடணும்" என்று, நாளைக்குத் துணி துவைக்கணும் என்பது போல, அறைக்கு முழுசாகக் கேட்கும்படிச் சொன்னாள். எழுதிட்டேன் என்றாளே. எப்போது எழுதினாள்? போன் வருவதற்கு முன்னாலேயே. யார் சொன்னது அவளுக்கு? யாரும் சொல்லவில்லை, நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான், முதலில் சட்டை இல்லை, முதலில் நடை. "நீ எங்க இருக்க?" என்று கேட்டாள் வேனி. "கேட்ல நிக்கேன்." எந்த கேட் என்று அவள் கேட்கவில்லை. "வீட்டுக்குப் போம்மா" என்றாள், குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும் ஐந்து வயசாகி, உடனே வைத்துவிட்டாள்.

வடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், நெஞ்சு கொள்ளாத சந்தோஷம், அதற்கு நடுவே ஒரு முள். வேனி பார்த்திருக்காவிட்டால்? அந்த ஒரு மூச்சு நேரத்தில் வேம்படிமுத்துவின் காலை நீ விட்டுவிட்டாய், வடிவு, மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அவன் காலை விட்டுவிட்டாய். அது யாருக்கும் தெரியப்போவதில்லை, மேடையில் சொல்கிற கதைகளில் அது வரப்போவதில்லை. தெரியாமல் இருந்தால் இல்லை என்றாகிவிடுமா? அந்தக் கேள்வியோடேயே இருந்து பழகவேண்டும் போல. கூட்ஸின் கடைசிப் பெட்டி போனது, கேட் கிறீச்சிட்டு மேலே எழுந்தது, அந்தப் பக்கம் சாலை கருவநேரி வரை வெயிலில் காலியாகக் கிடந்தது. முப்பிடாதி சாவியைத் திருகிவிட்டான். "திருப்புலே, வீட்டுக்கு" என்றாள். "எக்கா! இவ்வளவு நேரம் காவல் காத்துட்டா?" "திருப்புங்கேன்." முன்னும் பின்னும் வண்டிகள், குறுக்கே கார் மடங்கியதும் ஹாரன் ஊரைக் கிழித்தது, லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "எந்தக் கூறுகெட்டவன்லே கேட்டத் தொறந்த பொறவு திருப்புதான்" என்று கத்தினான், காரின் முன்னால் பறந்த கட்சிக் கொடியைப் பார்த்ததும் இன்னும் சத்தமாகக் கத்தினான். வடிவு இறங்கினாள். தார் செருப்பை இழுத்தது. ஒரு கையை லாரிக்குக் காட்டி நிற்கவைத்து, மறு கையால் முப்பிடாதிக்கு வா வா, ஒடி, இன்னும் ஒடி என்று சைகை காட்டிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கி, சொர்ணத்தைக் கூப்பிட்டாள். "சொர்ணம், பிள்ளைய டாக்டர் பாத்துட்டாங்க. காயத்த எழுதிட்டாங்க. ஜெயிலுக்கு இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க, நீ நேரா அங்க போ. வக்கீலும் வருவாரு." சொர்ணம் இப்போதுதான் அழுதாள், வெகுநேரம் அழுதாள், லாரிக்காரனின் ஹாரனையும் மீறிக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "நீங்கதான டாக்டரம்மா பாத்தீய?" "நான் இல்ல. நான் அங்க போகவே இல்ல." "அப்ப யாரு பாத்தது? யாரு பெத்த பிள்ளையோ, நல்லாருக்கட்டும். அவிய பேரு என்னம்மா?" பெயர் வாய் நிறைய வந்தது. கார் ஒருவழியாக மடங்கி வீட்டைப் பார்த்து நின்றது, முப்பிடாதி கதவைத் திறந்து பிடித்தான்.

"டூட்டி டாக்டர்" என்றாள் வடிவு.